திங்கட்கிழமைக் கையெழுத்து

ஏழாவது தடவையாகவும் ஒத்திப்போட்டுவிட்டார்கள். சோதனைக் குழுவிடமிருந்து இரண்டே வரிக் கடிதம். "சில சோதனைகள் மீதம் இருப்பதால் பெட்டி திறக்கும் கூட்டம் இந்த மாதம் நடைபெறாது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் அதைப் படித்துவிட்டுக் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் எறிந்தாள். அது உருண்டு போய் எதிரே உட்கார்ந்திருந்த கேன்டீன் ஒப்பந்தக்காரரின் மடியில் விழுந்தது. தான் கேட்ட புது அடுப்புக்குத்தான் இந்தக் கோபம் என்று நினைத்துக்கொண்ட அவர், பழைய அடுப்பே போதும் என்று சொல்லிவிட்டு நழுவினார்.

சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் சொல்வார்களே, அதே வாசகம்.

பெட்டி என்றால் நிஜப் பெட்டி இல்லை. கட்டடத்துக்கு அடியில் ஐம்பது அடி ஆழத்தில் காந்தங்களால் ஆன ஒரு பெரிய வளையம் இருக்கிறது. அதற்குள் துகள்கள் சுற்றும். சுற்றிக்கொண்டே பம்பரம் மாதிரித் தலையாட்டும். நொடிக்கு எத்தனை தடவை ஆட்டுகின்றன என்று எண்ண வேண்டும். எத்தனை தடவை ஆட்ட வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணியதும் கணக்கும் ஒத்துப்போனால் ஒன்றுமில்லை, தெரிந்ததுதான். மயிரிழை விலகினால் போதும், இயற்கையில் இதுவரை யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அந்த மயிரிழைக்காகத்தான் இருபத்திரண்டு வருஷம்.

இதில் ஒரு வில்லங்கம். படித்தவனாக இருந்தாலும் மனுஷனுக்கு ஆசை விடாது. பிடிக்காத எண் வந்தால் பிழை தேடுவான். பிடித்த எண் வந்தால் தேடுவதை நிறுத்திவிடுவான். அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். எண்ணுவதற்கு வைத்திருக்கிற கடிகாரத்தையே வேண்டுமென்றே கொஞ்சம் தப்பாக ஓடவிடுவது. எவ்வளவு தப்பு என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் அந்தத் தப்போடேயே வருஷக்கணக்கில் மாரடித்து, எல்லாப் பிழையையும் களைந்து, இனி ஒரு புள்ளியும் மாற்ற மாட்டோம் என்று எல்லாரும் கை தூக்கிய பிறகு, அந்த ஆள் வந்து எண்ணைச் சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான் உண்மையான விடை தெரியும். அதற்குப் பெயர்தான் பெட்டி திறப்பது. அதுவரை எண் தெரிந்த ஆள் குழுவின் முடிவுகள் எதையும் கண்ணால் பார்க்கக்கூடாது. பார்த்துவிட்டால் அந்தச் சோதனையில் அவருக்கு இனி இடமே கிடையாது.

அந்த ஆள் இவள்தான். விதியை எழுதியதும் இவள்தான். அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சோதனையை முதன்முதலில் யோசித்ததே அவள்தான். வளையத்தின் காந்தங்களைத் தவழ்ந்து போய்த் தன் கையால் நேர் பார்த்து வைத்தவள். ஆனால் அதற்கு முன்பே அவள் தலையில் ஒரு விதி எழுதியாகிவிட்டது: எங்கே எது சரிந்தாலும் இவளைக் கூப்பிடு. முதலில் ஒரு சின்ன நிறுவனம், கூரை ஒழுகியது, ஒரு வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நாலு வருஷம் ஆனது. அடுத்தது ஒரு பெரிய நிறுவனம், அங்கே ஆட்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஒருவர் மேல் ஒருவர் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். அதையும் சரிக்கட்டினாள். இங்கே, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இருந்த இயக்குநர் வளையத்தைப் பிரித்துப்போட்டுவிட்டு அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுக்கப் பார்த்தார். அதைத் தடுக்க வேறு வழியில்லாமல் தானே நாற்காலியில் ஏறினாள். வளையம் பிழைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் குழுவில் இருக்கக்கூடாது என்பதால் இவள் வெளியே போனாள்.

"எண் வச்சிருக்கறவங்க குழுவுக்கு வெளியிலயும் இருக்கணும், கடிகாரமும் தெரிஞ்சிருக்கணும். உங்கள விட்டா வேற யாரு இருக்கா, அக்கா?" என்று அப்போது கேட்டவர் பூட்டு. குழுவின் தலைவர். தன் சாப்பாட்டு டப்பாவைக்கூடப் பூட்டி வைக்கிற மனிதர் என்பதால் அந்தப் பெயர். இவளைவிட எட்டு வயது சின்னவர். ஆரம்பத்திலிருந்து கூட இருக்கிறவர். நாலு பேர் இருந்தால் மேடம் என்பார், தனியாக இருந்தால் அக்கா.

சரி, நாலைந்து வருஷம்தானே என்று ஒப்புக்கொண்டாள். அன்று முதல் பிடித்தது கிரகம். அவள் நடைக்கூடத்தில் வருகிறாள் என்றால் குழுவின் அறைக்குள் போர்வையை எடுத்துக் கரும்பலகையை மூடுவார்கள். தேநீர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்று, எல்லாரும் திடீரென்று வானிலையைப் பற்றிக் கவலைப்படுவார்கள். தான் பெற்ற பிள்ளையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற கதை.

இந்த மாதக் கடைசியோடு பதவி முடிகிறது. நாலாவதாக ஒரு நிறுவனம் வந்து வருந்தி வருந்திக் கூப்பிட்டது; முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டாள். ஓய்வு வயதுக்கு மூன்று வருஷம் இருக்கிறது. அந்த மூன்று வருஷமும் தன் சோதனையில், குழுவில் ஒரு சாதாரண ஆளாக. ஜன்னலோரம் ஒரு மேஜையைத் துடைத்துக்கூட வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: பெட்டி திறந்த பிறகுதான் அவள் அந்த அறைக்குள் காலை வைக்க முடியும். பெட்டியோ திறக்கிற வழியாக இல்லை. துகள்களை ஓட்டி முடித்தே இரண்டு வருஷம் ஆகிறது. ஏன் தாமதம் என்று அவள் கேட்கவும் முடியாது, அவர்கள் சொல்லவும் முடியாது.

அன்றைக்கு அவளுக்குப் பொறுமை போய்விட்டது. கடிதத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கினாள். செயலாளர் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"மேடம், வாகனம் நிறுத்தற இடம் பத்தின குழு பதினொரு மணிக்கு..."

"நிறுத்தி வைங்க."

"வாகனத்தையா மேடம்?"

"குழுவ."

கதவைத் தட்டாமல் திறந்தாள். உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் எதிர்பார்க்கவில்லை. போர்வை நாற்காலியில் மடித்துக் கிடந்தது. பூட்டு பாய்ந்து வந்து பலகைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். குள்ளமான மனிதர், பலகையின் மேல்பாதி அவர் தலைக்கு மேலே அப்படியே தெரிந்தது.

"மேடம், வெளியே போங்க, தயவுசெஞ்சு," என்றார்.

"ஏழு தடவை. ஏழு. என்னதான் செய்யறீங்க உள்ள உக்காந்து? எனக்கு..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். பலகையில் பெரிய எழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் வித்தியாசம்: 41.6. காரணம்?' கேள்விக்குறியைப் பல தடவை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தார்கள்.

அவள் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடிகாரத்தில் வைத்த தப்பு 41.7.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். செயலாளர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள். லிஃப்ட் வரும்வரை காத்திருக்காமல் படியிலேயே அடித்தளத்துக்கு இறங்கினாள்.

கடிகாரம் ஓர் இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. சாவி அவளிடம் மட்டும்தான். பெட்டி திறக்கும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. முன்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம். அதன் வழியே ஒரு பச்சை விளக்கு மட்டும் தெரியும். கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். என்ன எண்ணில் ஓடுகிறது என்று பார்க்க அலமாரியைத் திறக்க வேண்டும். வாரம் தவறாமல் திங்கட்கிழமை காலையில் எண் வைத்திருப்பவர் வந்து திறந்து பார்த்து, 'மாற்றமில்லை' என்று ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதுவும் அவள் எழுதிய விதிதான்.

முதல் ஐந்து வருஷம், துகள் ஓட்டம் தொடங்குவதற்கு முந்தைய மூன்று வருஷமும் சேர்த்து, அவளே வந்து பார்த்தாள். காய்ச்சலோடுகூட வந்திருக்கிறாள். பிறகு ஒரு மழைக்காலத்தில் மின்கம்பிகளை மாற்றியாக வேண்டும் என்று பாதுகாப்புக் குழு உயிரை எடுத்தது. ஒரு ஞாயிறு முழுக்கக் கட்டடத்தில் மின்சாரம் இல்லை. அடுத்த நாள் அமைச்சகத்தில் கூட்டம். காரில் போய்க்கொண்டே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "பச்சை விளக்கு எரியுதா பாருங்க," என்றாள். "ஜம்முனு எரியுது மேடம்," என்றார் அவர். சாயங்காலம் வந்து சீட்டில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த திங்கட்கிழமை கட்டடத் திறப்பு. அதற்கடுத்தது ஊழியர் சங்கத்தோடு பேச்சு. திங்கட்கிழமை என்றாலே கூட்டம்தான். எலெக்ட்ரீஷியனும் சொல்லாமலே பார்த்துவிட்டு, எரியுது மேடம் என்று செய்தி அனுப்பப் பழகிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டாள். துகள் ஓட்டம் முடியும்வரை இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

இப்போது சாவியைப் போட்டாள். துருப்பிடித்திருந்தது, இரண்டு கையாலும் திருப்ப வேண்டியிருந்தது. உள்ளே பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே எண் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் அவள் வைத்ததை மறந்துவிட்டுத் தொழிற்சாலையில் வைத்த எண்ணுக்கே திரும்பியிருக்கிறது. முதல் பாதி தப்பான கடிகாரம், இரண்டாம் பாதி சரியான கடிகாரம். ஒத்துப்போகாமல்தான் இருக்கும். பிரம்மாவே வந்து எண்ணினாலும் ஒத்துப்போகாது.

41.7 போட்ட இடத்தில் 41.6 கண்டுபிடித்திருக்கிறார்கள். புள்ளி ஒன்றுதான் வித்தியாசம். அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறார்கள் பாவிகள். அந்த நிலையிலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷமே தலையை அலமாரியில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கணவரைக் கூப்பிட்டாள். அவர் பல் டாக்டர். யாருடைய வாய்க்குள்ளோ கையை விட்டுக்கொண்டே பேசுகிறவர். பின்னால் கருவி சத்தம் கேட்டது. விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் பௌதிகத்தைச் சுருக்கமாகச் சொல்ல அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"எலெக்ட்ரீஷியனுக்கு?"

"அவருக்கு விளக்கு எரியுதுன்னு மட்டுந்தான் தெரியும்."

"பலகைய நீ படிச்சது?"

"படிச்சேனான்னு அவங்களுக்குத் தெரியாது. ரெண்டு நொடிதான் நின்னேன்."

"அப்ப பேசாம இரு. எப்படியும் ஒருநாள் பெட்டியத் திறப்பாங்கல்ல? அன்னிக்கு நீ எண்ணச் சொன்னா அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க. கரண்ட் போனதுக்கு நீ என்ன பண்ணுவே? நீ மேஜைல போய் உக்காரு." பிறகு வேறு யாரிடமோ, "வாய மூடாதீங்க," என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கடிகாரத்தில் திரும்ப 41.7 வைத்து அலமாரியைப் பூட்டினால் எதுவுமே நடக்காத மாதிரிதான். அந்த எண்ணம் தனக்கு வந்ததே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே அதை இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தாள். எத்தனை கூரையைச் சரிசெய்தாயிற்று, எத்தனை சண்டையைத் தீர்த்தாயிற்று. தனக்கென்று ஒரு மேஜை கேட்டால் குற்றமா? யாரும் கேட்காத கேள்விக்கு வலியப் போய்ப் பதில் சொல்ல வேண்டுமா?

பன்னிரண்டு மணிக்குப் பூட்டு வந்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றார். கையில் ஒரு உறை.

"என்னை மன்னிச்சிடுங்கக்கா. பலகைய மூடாம வச்சது என் தப்பு. நீங்க எதுவும் பாக்கலேன்னு நினைக்கிறேன். பாத்திருந்தாலும் சொல்லாதீங்க."

"அது என்ன கையில?"

"ராஜினாமா. குழுத் தலைமைய விட்டுடறேன். வேற யாராவது புதுக்கண்ணோட பாக்கட்டும்." உறையை மேஜையின் ஓரத்தில் வைத்தார். "ஒரு பிழை இருக்கு. என்னன்னு உங்ககிட்ட சொல்லக்கூடாது. ரெண்டு வருஷமா தேடறேன். காந்தம் ஒவ்வொண்ணையும் கழட்டி அளந்தாச்சு. எல்லா கம்பியும் மாத்தியாச்சு. புள்ளைங்க நாலு பேர் இதுலயே வயசாகி வேற வேலைக்குப் போயிட்டாங்க. எனக்கு மூளை மழுங்கிடுச்சுக்கா. அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல. தாமதத்துக்குக் காரணம் நான்தான்னு எழுதி வச்சிருக்கேன். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னுதான் பாத்தேன்."

அவள் உறையைத் தொடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நடைக்கூடத்தில் எத்தனை தடவை இந்த முகத்தைப் பார்த்து, மந்தமாகிவிட்டான் இவன் என்று மனசுக்குள் திட்டியிருப்பாள். வீட்டில் கணவரிடம் வாய்விட்டே திட்டியிருக்கிறாள். இப்போது பார்த்தால் அந்தத் திட்டெல்லாம் வாசல் தெரியாமல் போய் வேறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.

"உக்காரு," என்றாள். "நான் பாத்துட்டேன்."

"அக்கா, சொல்லாதீங்கன்னு..."

"பாத்துட்டேன்டா. நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு. உன் மூளைக்கு ஒண்ணும் ஆகல. பிழை வளையத்துல இல்ல. கடிகாரத்துல."

அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மின்கம்பி மாத்துன அன்னிக்கு கடிகாரம் மாறிடுச்சு. எவ்வளவு, எந்தப் பக்கம்னு கேக்காத."

"கேக்க மாட்டேன்," என்றார் உடனே. பழக்கதோஷம், கண்ணைக்கூட மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார். "ஆனா சீட்டு வந்துதே. ஒவ்வொரு திங்கக்கிழமையும் வந்துது."

"வந்துது. அன்னிலேருந்து நான் ஒரு தடவையும் அலமாரியத் திறக்கல. விளக்கு எரியுதுன்னு யாரோ சொன்னாங்க, கையெழுத்துப் போட்டேன்."

வெளியே செயலாளரின் தொலைபேசி அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. பூட்டு கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ராஜினாமா உறையைத் திருப்பி அதன் முதுகில் ஏதோ கணக்குப் போட ஆரம்பித்தார்.

"வெளியிலேருந்து ஒருத்தர வச்சு ரெண்டு பாதிக்கும் புதுசா ஒரே தப்ப வைக்கச் சொல்லணும். நாங்க யாரும் பழைய எண்ணப் பாக்காம. ஆறு மாசம். எட்டுன்னே வச்சுக்கலாம். அப்புறம் திறந்துடலாம்." குரலில் உயிர் வந்திருந்தது. அது அவருக்கே தெரிந்து, தாழ்த்திக்கொண்டார். "நீங்க கடிகாரம் பத்தி எழுத்துல கொடுக்கணும்."

"கொடுக்கறேன்."

"பாத்ததையும் எழுதணும்."

"அதையும்தான். விதி எனக்குத் தெரியும்."

"இந்தச் சோதனைல அப்புறம்..."

"தெரியும்னேனே."

அவர் உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கொஞ்சம் தயங்கினார். "அந்த ஜன்னலோர மேஜை. உக்கார இடமில்லாம ரெண்டு பேர் படிக்கட்டுல வேலை பாக்கறாங்க."

"அவங்களுக்குக் கொடுத்துடு."

கதவு வரைக்கும் போனவர் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார். திரும்பவில்லை.

"பிழை தெரிஞ்ச முதல் வாரமே எனக்கு கடிகாரத்து மேலதான் சந்தேகம் வந்துது," என்றார். "யாரையாவது அனுப்பித் திறந்து பாக்கச் சொல்லலாம்னு மனு எழுதிட்டேன். அப்புறம் சீட்டுங்கள எடுத்துப் பாத்தேன். எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. வேற யாரோடதா இருந்தாலும் திறக்கச் சொல்லியிருப்பேன் மேடம்."

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் எழவில்லை. செயலாளர் எட்டிப் பார்த்தாள். வாகனம் நிறுத்தும் குழு இன்னும் வெளியே உட்கார்ந்திருக்கிறதாம், மாடிப்படிக்குப் பக்கத்து இடம் யாருக்கு என்பதில் கைகலப்பு ஆகும் போலிருக்கிறதாம்.

"வரச் சொல்லுங்க," என்றாள் இயக்குநர்.